வேட் ஹால்ஸ்டனுக்காகக் கையெழுத்துப் போட்டவள்

ஹாலிவுட் என்றதும் வாயைப் பிளக்கிறவர்கள் அந்தத் தகரக் கொட்டகையை ஒரு தடவையாவது வந்து பார்த்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மரவேலைப் பட்டறை, இன்னொரு பக்கம் படக் குதிரைகளின் லாயம். மரத்தூளும் சாணி நாற்றமும் மாறி மாறி வரும். உள்ளே நீள மேசையில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஊரெல்லாம் உயிராக நினைத்த நட்சத்திரங்கள், ரசிகர்களைப் பொறுத்தவரை, அந்த எட்டுப் பேரின் பேனாவில்தான் இருந்தார்கள்.

வெர்னா பில்ச்சர் அந்த எட்டில் ஒருத்தி. ஓக்லஹோமாக்காரி. புழுதிப் புயல் வயலை வாரிக்கொண்டு போன வருஷங்களில் அண்ணன் லாரியில் ஏறிக் கலிஃபோர்னியா வந்தவள். அண்ணன் மரம் வெட்டப் போகிறேன் என்று வடக்கே போனான். போனவன் போனவன்தான். வெர்னா துணி வெளுக்கிற கடையில் சீட்டு எழுதினாள், உணவு விடுதியில் தட்டுத் தூக்கினாள், கடைசியில் 1942-இல் அந்தப் பட நிறுவனத்தின் ரசிகர் கடிதப் பிரிவில் வந்து உட்கார்ந்தாள். அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. எந்தக் கையெழுத்தைக் காட்டினாலும் பத்து நிமிஷத்தில் அச்சாகப் போடுவாள்.

அவளுக்கு ஒதுக்கப்பட்ட நட்சத்திரம் வேட் ஹால்ஸ்டன். கௌபாய்ப் படங்களில் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, கடைசிக் காட்சியில் பெண்ணை விட்டுவிட்டு மலைப்பக்கம் குதிரையில் போவானே, அவன்தான். நிஜத்தில் அவனுக்குக் கோழி எழுத்து. பெயர் பாதியில் மேலே ஏறி, மீதியில் காகிதத்தை விட்டே இறங்கிவிடும். வெர்னா அதற்கு ஒரு வடிவம் கொடுத்தாள். முதல் எழுத்தைச் சுருக்குக் கயிறு வீசின மாதிரி பெரிதாகச் சுழற்றி, அடியில் ஒரு நீளக் கோடு இழுத்தாள். எட்டு, பத்து வருஷத்தில் நாடு முழுக்க அதுதான் ஹால்ஸ்டன் கையெழுத்து என்று ஆகிவிட்டது.

ஒரு நாள் வாசல் கேட்டருகே பையன்கள் சூழ்ந்துகொள்ள, அவன் தன் கையாலேயே போட்டுக் கொடுத்திருக்கிறான். அவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "சே, இது டூப்பு!" என்று கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அன்று மத்தியானம் ஹால்ஸ்டன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கே வந்து நின்றான்.

"இங்க வெர்னாங்கறது யாரும்மா? என் கையெழுத்தை எப்படிப் போடறதுன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

அவள் முகம் தக்காளியாகச் சிவந்துவிட்டது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து நாலைந்து தடவை முயன்று பார்த்தான். வரவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்து போனான். மேசையின் எதிர்ப்பக்கம் இருந்த டாட்டி, வில்லன் நடிகர் ஒருவருக்கும் ஏழு வயதுக் குழந்தை நட்சத்திரத்துக்கும் கையெழுத்துப் போடுகிறவள், சும்மா விடுவாளா?

"அடியே, உன் புருஷனே வந்து உன்கிட்ட பாடம் படிச்சுட்டுப் போறான். குடுத்து வச்சவடி நீ!"

வெர்னாவுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. பாம்ஸ் பகுதியில் ஒரு வாடகை அறை, ஒரு மின் அடுப்பு, ஞாயிற்றுக்கிழமை வானொலி. அதனால் டாட்டி அப்படிச் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதை ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்.

வேலைக்கு ஒரு முறை இருந்தது. வருகிற கடிதம் எதுவானாலும் பதில் அச்சிட்ட ஐந்து கடிதங்களில் ஒன்றுதான். படம் கேட்டவர்களுக்கு ஒன்றாம் நம்பர். புகழ்ந்து எழுதியவர்களுக்கு இரண்டு. கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்கிறவர்களுக்கு மூன்று. துக்கம், சீக்கு, சாவு என்றால் நான்கு. திட்டி எழுதுகிறவர்களுக்கு ஐந்து. அச்சுக் கடிதத்தின் அடியில் கையெழுத்து, கூடவே கையெழுத்திட்ட புகைப்படம், அவ்வளவுதான். ஒரு வரி கூடுதலாக எழுதக் கூடாது. பிரிவின் தலைவி மிசஸ் பக்லி இதை வாரம் ஒரு முறை சொல்வாள். "நீங்க ஒரு வரி எழுதினா அவங்க பத்து பக்கம் எழுதுவாங்க. அப்புறம் வந்து வாசல்ல நிப்பாங்க. பேனாவுக்கு மூடி போட்டு வைங்க." அனுபவசாலி. தப்பாகச் சொல்லவில்லை.

1951 பிப்ரவரியில் கான்சஸிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் பென்சிலால் எழுதியிருந்தது. எழுதியவள் தெல்மா நைக்விஸ்ட், கோதுமை பயிரிடும் ஒரு சின்ன ஊர்க்காரி, விதவை. அவள் எதுவும் கேட்கவில்லை. தன் ஒரே மகன் ஆர்லன் கொரியாவில் இறந்துவிட்டான் என்றும், ராணுவம் திருப்பி அனுப்பிய பொருள்களில் அவன் பணப்பை இருந்தது என்றும், அதற்குள் ஹால்ஸ்டனின் புகைப்படம் நாலாக மடித்து வைத்திருந்தது என்றும் எழுதியிருந்தாள். "பன்னிரண்டு வயதில் உங்களுக்கு எழுதி வாங்கினான். கூடவே கொண்டுபோயிருக்கிறான் என்று எனக்கே தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது." இவ்வளவுதான் கடிதம்.

வெர்னா நான்காம் நம்பரை எடுத்தாள். "தங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறேன்" என்று அச்சடித்திருந்ததைப் படித்தாள். அந்தப் படத்தில் இருந்தது யாருடைய கையெழுத்து? அவளுடையதுதானே. எங்கேயோ பனியில், அந்தப் பையனின் நெஞ்சுப் பக்கம் இருந்தது இவள் இழுத்த கோடு. நான்காம் நம்பரை அவளால் உறையில் போட முடியவில்லை. அன்று சாயங்காலம் அறைக்குப் போய், ஹால்ஸ்டன் பெயரில், தன் கையால் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். ஆர்லனைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

தெல்மா சொன்னாள். பக்கம் பக்கமாகச் சொன்னாள். ஆர்லன் கழுதைக்குட்டி ஒன்றைச் சர்ச்சுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தது, மாவுக் கரண்டியால் துப்பாக்கி செய்தது, பெண்களைக் கண்டால் காது சிவந்தது, எல்லாம். கொஞ்ச காலத்தில் ஆர்லனை விட்டுக் கோழிகள் வந்தன, மழை வராத வானம் வந்தது, சர்ச்சில் காபி போடுகிற பெண்களின் சண்டை வந்தது. வெர்னாவும் எழுதினாள். நட்சத்திர வாழ்க்கையைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? அதனால் தனிமையைப் பற்றி எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எப்படி நகராமல் நிற்கும் என்று எழுதினாள். ஓக்லஹோமாவில் அம்மா போர்வை தைத்ததைப் பற்றி எழுதினாள், ஹால்ஸ்டன் நியூஜெர்சிக்காரன் என்பதையே மறந்துவிட்டு. இரண்டு வருஷத்துக்கு மேல் மாதம் ஒரு கடிதம். தெல்மாவின் பதில்கள் கொட்டகைக்குத்தான் வரும். மூட்டையைப் பிரிக்கும்போதே பென்சில் எழுத்தைக் கண்டு உருவிவிடுவாள். அவள் வாழ்க்கையில் யாரிடமும் அவ்வளவு உண்மை பேசியதில்லை. பெயர் ஒன்றுதான் பொய்.

டாட்டி கண்டுபிடித்துவிட்டாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"இது நல்லதுக்கில்ல வெர்னா. ஒண்ணு நிறுத்து, இல்ல உண்மையச் சொல்லிடு. நடுவுல நின்னா ரெண்டு பக்கமும் அடி விழும்."

"சொல்றேன். நேரம் வரட்டும்."

"நேரம் என்ன பஸ்ஸா, நின்னு ஏத்திட்டுப் போக?"

1953 ஏப்ரலில் ஹால்ஸ்டன் புதுப் படத்துக்காக ஊர் ஊராகப் போனான். தியேட்டர் மேடையில் குதிரையோடு தோன்றுவது, கயிறு சுற்றிக் காட்டுவது, பிறகு முன்கூடத்தில் ரசிகர்களுக்குப் படம் கொடுப்பது. வெளியூரில் அவன் பேனாவைத் தொடவே கூடாது என்பது கண்டிப்பு. வெர்னா போட்டுக் கட்டிக் கொடுத்த படங்களைத்தான் நீட்ட வேண்டும். விச்சிட்டா நகரத்துக்கு முந்நூறு படம் போனது. வந்த கூட்டம் அதைப் போல இரண்டு மடங்கு. படம் தீர்ந்ததும், பாவம், நல்ல மனுஷன், யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் தன் கையாலேயே போட ஆரம்பித்தான்.

வரிசையில் தெல்மா நின்றிருந்தாள். தொண்ணூறு மைல் பஸ்ஸில் வந்தவள். நடந்ததை மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை கேலியாக எழுதியது. பொட்டலத்தில் வீட்டில் செய்த ஏலக்காய் ரொட்டியை நீட்டி, "ஆர்லனோட அம்மா" என்றாளாம். ஹால்ஸ்டன், "எந்த ஆர்லன், மேடம்?" என்று மரியாதையாகக் கேட்டானாம். அவன் போட்டுக் கொடுத்த கையெழுத்தை அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முன்கூடமே கேட்க, "எனக்கு எழுதினது இந்த ஆள் இல்ல!" என்றாளாம். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. தியேட்டர்க்காரன் அவளைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோய் விட்டான். "கௌபாய் நட்சத்திரமே போலி என்கிறார் கான்சஸ் விதவை" என்று தலைப்புப் போட்டுப் படமும் போட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் ஊரில் சிறுவர்கள்கூட அவளைப் பார்த்து, "எனக்கு எழுதினது இந்த ஆள் இல்ல" என்று கத்தினார்களாம்.

ஒரு வாரத்தில் அவள் கடிதம் வந்தது. அதுவரை வந்ததிலேயே சின்னது. "உங்கள் பெயரில் வந்தவரைப் பார்த்தேன். அவர் நீங்கள் இல்லை. ஊர் என்னைப் பைத்தியம் என்கிறது, அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எனக்குக் கடிதம் எழுதுகிற கை யாருடையதோ, அவர் ஒரு தடவை எனக்கு எழுத வேண்டும். நாலு வரி போதும். யாராக இருந்தாலும் சரி."

பத்திரிகைத் துண்டு நிறுவனத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது. மிசஸ் பக்லி அதை வெர்னாவின் முன்னால் வைத்தாள்.

"கான்சஸுக்கு யாரு எழுதினதுன்னு நான் கேக்கப் போறதில்ல. கேட்டா உன்னை வெளியே அனுப்பணும். இந்தம்மாவுக்கு ரெண்டாம் நம்பர் போகும், ஒரு படம் போகும். அதோட முடிஞ்சுது. அதுக்கு மேல ஒரு எழுத்து போச்சுன்னா நீ நாளைக்கு வரவேண்டாம்."

"சரிங்க மேடம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வெர்னா உண்மைக் கடிதத்தை எழுதினாள். நான் ஹால்ஸ்டன் இல்லை, வெர்னா பில்ச்சர், வயது முப்பத்தொன்பது, இந்தப் பொய்க்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதி, உறை ஒட்டி, தபால் தலையும் ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டி வரை போனாள். பெட்டியின் மூடியைக்கூடத் திறந்தாள். திரும்பி வந்துவிட்டாள். வேலை போய்விடுமே என்கிற பயம் பாதி. மீதி வேறு. ஆண்பிள்ளை, நட்சத்திரம், நாடே கொண்டாடுகிறவன் தன் மகனைப் பற்றிக் கேட்கிறான் என்று நம்பியிருந்த தாய்க்கு, கேட்டதெல்லாம் மாதச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுகிற ஒரு குமாஸ்தா என்று தெரிந்தால் என்ன ஆவாள்? அவளைக் காப்பாற்றுவதாகத்தான் வெர்னா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தன் கோழைத்தனத்துக்கு நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிவிடுவதில் மனுஷ மனசுக்கு ஈடே கிடையாது. கடிதத்தைக் கிழித்தாள். திங்கட்கிழமை இரண்டாம் நம்பரை அனுப்பினாள். "தங்கள் பாராட்டு என்னை நெகிழ வைத்தது. தொடர்ந்து என் படங்களைப் பாருங்கள்."

அதன் பிறகு கான்சஸிலிருந்து எதுவும் வரவில்லை. மூட்டை பிரிக்கும்போதெல்லாம் வெர்னா தேடுவாள். டாட்டி அதைப் பார்த்துவிட்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் கௌபாய்ப் படத்துக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் வீட்டுத் தரையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தார்கள். 1956-இல் ஹால்ஸ்டனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மூட்டை சுருங்கிப் பையானது, பை சுருங்கி உறையானது. கொட்டகையில் எட்டுப் பேர் மூன்று பேரானார்கள். வெர்னா அந்த மூன்றில் இல்லை. ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போனாள். இப்போது அவளைத் தடுக்க யாரும் இல்லை. மிசஸ் பக்லியைப் பற்றிய பயமும் இல்லை. இருந்தும் இன்னும் ஒரு வருஷத்தைக் கழித்தாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கப் போகிறோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது போல.

1957 அக்டோபரில் லீவு எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் பஸ்ஸில் உட்கார்ந்து, அந்த ஊரில் இறங்கினாள். தானியக் கிடங்கு ஒன்று, சர்ச் ஒன்று, நடுவில் ஒரு தெரு. வீட்டைக் கேட்டதும் பெட்ரோல் பங்க்காரன் சிரிக்காமலே வழி சொன்னான். ஊர் அந்தக் கேலியைக்கூட மறந்துவிட்டிருந்தது.

தெல்மா முற்றத்தில் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். எலும்பும் தோலுமாக, ஆனால் நிமிர்ந்து நின்றாள். அறுபதுக்கு மேல் இருக்கும். வெர்னா வேலிக்கு வெளியே நின்றபடியே சொன்னாள். இரண்டு நாள் பஸ்ஸில் மனப்பாடம் செய்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"நான் வெர்னா பில்ச்சர். லாஸ் ஏஞ்சலஸ்லேர்ந்து வரேன். உங்களுக்கு அந்தக் கடிதமெல்லாம்... நான்தான் எழுதினேன்."

தெல்மா கையிலிருந்த தீனியை முழுதாகப் போட்டு முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"பொம்பளைன்னு தெரியும். பேருதான் தெரியாது. உள்ள வாம்மா."

சமையலறை மேசையில் காபி ஊற்றினாள். சீனிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். வெர்னா காபியைத் தொடாமல் கேட்டாள்.

"எப்படித் தெரியும்?"

"ரெண்டாவது வருஷமே தெரியும். போர்வைக்கு ஓரம் எப்படி மடிச்சுத் தைக்கணும்னு எந்தக் கௌபாய் எழுதுவான்? அதுவும் சரியா எழுதியிருந்தே." சின்னதாகச் சிரித்தாள். "மொதல்ல கோவம் வந்துது. அப்புறம் யோசிச்சேன். எவளோ ஒருத்தி, சம்பளத்துக்கு ஒரு வரி எழுதறவ, எனக்காக மூணு பக்கம் எழுதறாளே. நட்சத்திரம் எழுதறதவிட இது பெருசில்லையா? அவளைப் பாக்கணும்னு ஆசை வந்துடுச்சு."

"அப்ப விச்சிட்டாவுக்கு..."

"அந்த ஆள்கிட்ட தனியா உன் பேரைக் கேக்கத்தான் போனேன். ஆர்லனோட அம்மான்னேன். அவரு முழிச்சாரு. உன்னைத் தெரியவே தெரியாத மாதிரி முழிச்சாரு. எனக்கு வந்துது பாரு ஆத்திரம்! இவ்வளவு எழுதறவளை இந்த ஆளுக்குத் தெரியாதாங்கற ஆத்திரத்துலதான், எனக்கு எழுதினது இந்த ஆள் இல்லன்னு கத்திட்டேன். எல்லாரும் வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க. நானும் திருத்தலை. திருத்தினா உன் வேலை போயிருக்கும் இல்ல?"

 தன்னால் காப்பாற்றப்பட வேண்டியவள் என்று வெர்னா நினைத்திருந்த கிழவி, ஊர் முழுக்கப் பைத்தியக்காரப் பட்டம் வாங்கிக்கொண்டு, தன்னைக் காப்பாற்றியிருக்கிறாள்! அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. தெல்மா கைத்துண்டை எடுத்து நீட்டினாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூக்குத் துடைக்கக் கொடுப்பது போல.

"வீட்டுக்கு வந்து உனக்கு எழுதினேன். மாடியில ஆர்லன் ரூமை வெள்ளையடிச்சேன். நீ தனியா இருக்கறவன்னு எழுத்துலயே தெரிஞ்சுது. பேர் மட்டும் சொல்லட்டும், வந்து இருன்னு கூப்பிடலாம்னு இருந்தேன். வந்தது அச்சுக் காயிதம். என் படங்களைத் தொடர்ந்து பாருங்கன்னு."

"நான் எழுதினேன்மா. தபால் பெட்டி வரைக்கும் போனேன். போட தைரியம் வரலை. என்னை மன்னிச்சிடுங்க."

"மன்னிக்க என்ன இருக்கு. அந்தக் குளிர்காலம் எனக்குக் கஷ்டமா இருந்துது, அவ்வளவுதான். புது வருஷம் வரைக்கும் தினமும் தபால்காரனைப் பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

மாடியில் காலடிச் சத்தம் கேட்டது. ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, மிஸ் ஃபெர்ன், மூன்று வருஷமாக அந்த அறையில் இருக்கிறாள் என்று தெல்மா சொன்னாள். நல்ல மனுஷி, இரண்டு பேரும் சேர்ந்து சீட்டாடுவோம், சர்ச்சுக்கும் சேர்ந்துதான் போவோம் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் தெளிவாக இருந்தது.

வெர்னா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே என் பேர்லயே எழுதட்டுமா?"

தெல்மா யோசித்தாள். மனசு நோகாமல் சொல்ல வேண்டுமே என்று யோசிக்கிறவள் போலத்தான் தெரிந்தது.

"எழுத்து படிக்கிற அளவுக்குக் கண்ணு தெரியலம்மா எனக்கு. லெட்டர் வந்தா மிஸ் ஃபெர்ன்தான் படிச்சுச் சொல்றாங்க. அவங்களுக்கு ஆர்லனைப் பத்தியெல்லாம் ஒண்ணும் தெரியாது. தெரிய வேணாம்னு இருக்கேன். ஒருத்தர்கிட்ட சொன்னதே போதும்."

நாலு மணிக்கு பஸ். வாசல் வரை தெல்மா கூடவே வந்தாள். வேலிக் கதவைத் தானே திறந்துவிட்டாள்.

"அப்ப அடுத்த வருஷ லீவுல நேர்லயே வரட்டுமாம்மா?" என்றாள் வெர்னா.

"வாயேன். வந்தா காபி குடுப்பேன். இந்த வாசலுக்கு யாரு வந்தாலும் குடுப்பேன்."

அதில் கோபம் துளியும் இல்லை. கோபம் இருந்திருந்தால் வெர்னா மறு வருஷமும் போயிருப்பாள்.